குதிகால் நாணுக்காக வாங்கிய சாமான்கள்: எது தேறியது, எது தண்டம்

டிசம்பரில் கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்று ஆகஸ்ட்டிலேயே ஆரம்பித்தேன். ரேஸ்கோர்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலை ரோட்டு ஏற்றத்தில் ஓட ஆரம்பித்தேன், அதே மாதம் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஷூவையும் மாற்றினேன். பழைய ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட 10 மி.மீ. உயரம், புதியதில் பூஜ்யம். ஏற்றமும் தட்டை ஷூவும் ஒன்றாகச் சேர்ந்தால் கெண்டைக்காலும் அதன் கீழே உள்ள நாணும் (டாக்டர்கள் அக்கிலிஸ் டெண்டன் என்பது) என்ன பாடு படும் என்று அப்போது யோசிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் காலை எழுந்து கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போக சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பத்துப் பதினைந்து அடி போனதும் சரியாகிவிட்டது, அதுதான் இந்த வலியின் ஏமாற்று வேலை. ஓட ஆரம்பித்தால் முதல் கிலோமீட்டர் வலிக்கும், பிறகு மறந்துவிடும், மறுநாள் காலை வட்டியோடு வரும். குதிகால் எலும்புக்கு நாலு விரல் மேலே நாணை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் வலது காலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. "நரம்பு இழுத்துக்கிச்சுங்க, எண்ணெய் போட்டு நீவி விடுங்க" என்றார் கூட ஓடுகிற அண்ணன். நம் ஊரில் எல்லாமே நரம்புதான். இது நரம்பே இல்லை, கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கிற கயிறு. உடம்பிலேயே தடிமனான நாண் இதுதான். அந்த நாலு விரல் இடத்தில் ரத்த ஓட்டம் கம்மி என்பதால் ஆறுவதும் மெதுவாகத்தான்.

சரி, செலவுக் கணக்குக்கு வருகிறேன். முதலில் போனது ஒரு பிசியோதெரபி சென்டர், பெயர் வேண்டாம். பத்து சிட்டிங், சிட்டிங்குக்கு 400 ரூபாய். ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட், அப்புறம் கரன்ட் வைப்பது, பிறகு ஐஸ். படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஒரு நாள்கூட என்னை நிற்க வைத்து, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை. பத்தாவது நாள் "இன்னும் அஞ்சு எடுத்துக்கோங்க சார்" என்றார்கள். 4,000 ரூபாய் போனது போனதுதான்.

அடுத்தது சிலிகான் குதிகால் பேட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் எல்லோரும் தவறானதை வாங்குகிறார்கள், நானும்தான். மெடிக்கலில் போய் குதிகால் வலி என்று சொன்னால் கிண்ணம் மாதிரி இருக்கிற, நடுவில் நீல வட்டம் போட்ட மெத்தையைத் தூக்கிக் கொடுப்பார்கள். அது உள்ளங்கால் பக்கம் வலிக்கிறவர்களுக்கு. நமக்கு வேண்டியது ஆப்பு மாதிரி, பின்னால் தடித்து முன்னால் மெலிந்து போகிற பேட். குதிகால் உயர்ந்தால் நாண் இழுபடுவது குறையும், அவ்வளவுதான் அதன் தத்துவம். ஆஸ்திரேலியாவில் 100 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 மி.மீ. பேட், மறு பாதிக்கு உடற்பயிற்சி என்று கொடுத்துப் பார்த்ததில், 12 வாரத்தில் பேட் போட்டவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆக இதை அழகுச் சாமான் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் நான் வாங்கிய 380 ரூபாய் ஜோடியில் குறை நிறைய. வியர்த்தால் ஷூவுக்குள் முன்னால் நழுவும். ஆபீஸ் ஷூவில் போட்டால் நடக்கும்போது கீச் கீச் என்று சத்தம், மீட்டிங் ரூமுக்குள் நுழைந்தாலே தலைகள் திரும்பின. அடியில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டியதும் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தன. குதிகால் உயர்வதால் ஆழம் குறைந்த ஷூவில் கால் வெளியே வந்துவிடும், கொஞ்சம் ஆழமான ஷூ வேண்டும். வலிக்கிற காலுக்கு மட்டும் போட்டு நாலு நாள் நடந்தேன், இடது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு காலுக்கும் போடுங்கள்.

இரவில் பாதத்தை மேல்நோக்கி மடக்கி வைக்கிற ஸ்ப்ளின்ட் 1,900 ரூபாய். அதைக் கட்டிக்கொண்டு கோவை வெயிலில் தூங்கிப் பாருங்கள். மூன்று இரவு தாங்கினேன். பயிற்சியோடு இதையும் சேர்த்தால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை என்று பிறகுதான் படித்தேன். காலில் ஒட்டுகிற கலர் டேப், தசையை உருட்டி நீவுகிற ஃபோம் ரோலர் இரண்டும் சுகமாக இருக்கும், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

உருப்படியான செலவு என்றால் இரண்டாவதாகப் பார்த்த பிசியோ. சின்னப் பெண், ஒரு தடவைக்கு 600 ரூபாய், மூன்று தடவைதான் வரச் சொன்னார். மெஷின் எதுவும் இல்லை. குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்து, பாதம் அசைகிறதா என்று பார்த்து "அறுந்து போகலைங்க சார்" என்றார். அப்புறம் சமீபத்தில் ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டார். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருந்தேன், ஐந்து நாள். அந்த வகை மாத்திரைகள் நாணைப் பாதிக்கலாம், அறுந்துகூடப் போகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லேயே கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்திருக்கிறதாம். எனக்கு வந்தது அதனாலா, மலை ஏறியதாலா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்த நாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

அவர் கொடுத்த வைத்தியம் படிக்கட்டு. இதற்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் என்ற டாக்டருக்கே இந்த வலி. ஆபரேஷன் பண்ண மேலதிகாரி சம்மதிக்கவில்லை. நாணை இன்னும் மோசமாக்கினால் பண்ணித்தானே ஆக வேண்டும் என்று வலிக்க வலிக்கப் படிக்கட்டு விளிம்பில் குதிகாலை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார், வலி போய்விட்டது. 1998-இல் 15 பேரை வைத்து அதை வெளியிட்டார்: முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று செட், மடக்கி மூன்று செட், காலையும் மாலையும், 12 வாரம். தினம் 180 தடவை. வேலைக்குப் போகிறவனுக்கு ஆகிற காரியமா? எனக்குக் கொடுத்தது டென்மார்க்கில் 2015-இல் வெளியான முறை, வாரம் மூன்று நாள் போதும், ஆனால் கனமான எடையோடு. மூன்று விநாடி ஏற்றம், மூன்று விநாடி இறக்கம். 15 தடவை தூக்க முடிகிற எடையில் ஆரம்பித்து, கடைசி வாரங்களில் ஆறு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடைக்குப் போக வேண்டும். இரண்டிலும் பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், இதற்கு நேரம் கம்மி. நாண் எலும்பில் ஒட்டுகிற இடத்திலேயே வலி என்றால் படிக்கட்டுக்குக் கீழே குதிகாலை இறக்காமல் தரையிலேயே செய்யச் சொல்கிறார்கள்.

ஓடுவதை முழுக்க நிறுத்தச் சொல்லாததுதான் எனக்குப் பெரிய நிம்மதி. "வலி பத்துக்கு அஞ்சுக்குள்ள இருந்தா ஓடுங்க சார், மறுநாள் காலைல ஏறியிருந்தா குறைச்சுக்கோங்க." கட்டில்-பாத்ரூம் தூரம்தான் என் மீட்டர் ஆனது. டிசம்பர் ஓட்டம் போயிற்று, டீஷர்ட்டை மட்டும் வாங்கி வந்தேன். மார்ச்சில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். புடைப்பு இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது, வலி இல்லை.

மதிப்பெண் கேட்டால் பேடுக்கு ஐந்தில் மூன்றரை, அந்தப் பெண்ணுக்கு ஐந்து, ஸ்ப்ளின்டை யாராவது சும்மா கேட்டால் தருகிறேன். எடைக்கு ஜிம் போகவில்லை. பையனின் பழைய ஸ்கூல் பேக்கில் முதலில் ஐந்து கிலோ பொன்னி அரிசி, பிறகு பத்து, பிறகு இருபது. அதைச் சுமந்து மாடிப்படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினேன். "அரிசியை எதுக்குடா மாடிக்குச் சுமக்கிறே" என்று அம்மா தினமும் கேட்டார். நாலு மாதம் பைக்குள்ளேயே கிடந்து வண்டு பிடித்துவிட்டது. இப்போது மணல்.