டு ப்ரேயின் எல்கர் செல்லோ கான்செர்ட்டோ: மறுவெளியீட்டு எல்.பி.யுடன் நான்கு வருடம்

இங்கிலாந்து இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ (பெரிய வயலின் போன்ற செல்லோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இருக்கும் இந்த இசைத்தட்டை வாங்கி நான்கு வருடம் ஆகிறது, ஐம்பது தடவையாவது போட்டிருப்பேன், அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். 1965 ஆகஸ்டில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் பதிவானது, செல்லோ வாசித்த ஜாக்குலின் டு ப்ரேக்கு அப்போது வயது 20. நடத்துநர் பார்பிரோலி. 1919இல் இந்தக் கான்செர்ட்டோ ஒத்திகை போதாமல் அரங்கேறிச் சொதப்பியபோது லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்த 19 வயதுப் பையன் இவர்தான். இந்தப் பதிவிலும் அதே இசைக்குழு.

முதல் நாள் ஏமாற்றம்தான். ஆரம்பத்தில் செல்லோ தனியாகக் கனமாக நான்கு கார்டு (பல சுரம் சேர்ந்த ஒலி) போடும், அது பிரமாதம், கொஞ்சம் கழித்து வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரியவை) மட்டும் துணையே இல்லாமல் மெல்ல மெட்டை எடுக்கும் இடத்தில் பட் பட்டென்று சத்தம். தட்டு புதுசு, உறையிலிருந்து எடுக்கும்போதே காகிதத்தூள் ஒட்டியிருந்தது. நன்றாகக் கழுவி, காகித உறையை எறிந்துவிட்டு ஆன்டி-ஸ்டாட்டிக் உறை போட்டபிறகு முக்கால்வாசி போய்விட்டது. ஒரே ஒரு கிளிக் மட்டும் சுற்றுக்கு ஒன்றாக ஏழெட்டு சுற்று வரும், அது அச்சிலேயே இருக்கிற குறை, போகாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கான்செர்ட்டோ ஏறக்குறைய 30 நிமிடம், நான்கு பகுதியும் ஒரே பக்கத்தில். தட்டு ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது, ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 50 செ.மீ. ஓடும் குரூவ் (இசை செதுக்கிய பள்ளம்), லேபிளுக்குப் பக்கத்தில் 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், அதே சுரத்தை அதைவிடக் குறைந்த நீளத்துக்குள் நெருக்கிச் செதுக்கியிருப்பார்கள், ஊசி அதைப் பின்தொடரச் சிரமப்படும். இந்தப் படைப்பிலோ உயிர்நாடியே முடிவில்தான் இருக்கிறது. மூன்றாம் பகுதியின் அடாஜியோ (மெதுவான இசை) ஒரு கணம் திரும்பி வரும், அப்புறம் அந்த ஆரம்பக் கார்டுகள். டு ப்ரே வில்லை அழுத்தி இழுக்கும் அந்த இடத்தில் என் பழைய நீள்வட்ட முனை ஊசியில் செல்லோ கரகரத்தது. முதல் வருடம் முழுக்க அச்சைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் மைக்ரோலைன் ஊசி (இன்னும் மெல்லிய முனை) மாற்றி, ப்ரொட்ராக்டர் என்ற அளவுத்தகடு வைத்துக் கார்ட்ரிட்ஜை (ஊசி பொருத்திய தலையை) ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளினேன். கரகரப்பு ஏறக்குறைய காணாமல் போனது. வில் கம்பியைக் கவ்வுகிற அந்தச் சின்ன உரசலும் அடியில் மரம் அதிர்வதும் இப்போதுதான் தனித்தனியாகக் கேட்கிறது, அன்றைக்கு ராத்திரி இரண்டு முறை போட்டேன். பக்கம் நீளம் என்பதால் ஒலி அளவு தாழ்வாகவே வெட்டியிருக்கிறார்கள், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றித்தான் கேட்க வேண்டும்.

மறுபக்கம் ஜேனட் பேக்கர் பாடும் ஸீ பிக்சர்ஸ், எல்கரின் பாடல் தொகுப்பு. நேரம் குறைவு, கடைசிப் பாட்டு வரை சுத்தமாக இருக்கிறது. ஒரு வருடம் அதைத் திருப்பியே போடாமல் இருந்தது என் தப்பு, வாங்குபவர்கள் முதல் நாளே போட்டுவிடுங்கள்.