மாடி முகப்புக்கு எந்தக் கம்பி?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு மாடி முகப்பின் கைப்பிடிச் சட்டங்களில் இரண்டு, துருவேறிக் கழன்று விழுந்தன. பதினோரு புள்ளிப் (குடும்பக் கணக்கு) பங்காளிகள் கூடிப் பேசியதில் மூன்று வழிகள் தேறின: பழைய சட்டம், வெல்டிங் கிரில், கொல்லரின் கைவேலை. கொல்லர் உலைக்குப் போனவன் நான். ஆகவே இது நடுநிலையான அலசல் அல்ல.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சட்டங்கள் கிடைக்கும். அழகுதான், ஆனால் நான் பார்த்தவை வார்ப்பிரும்பு. நம் அளவுக்கு வளைக்கப் போனால் உடையும். இடித்த வீட்டுச் சாமான் வேண்டாம் என்று அப்பத்தாவும் சொல்லிவிட்டார். வெல்டிங் கிரில் மலிவு, இரண்டே நாளில் மாட்டிவிடலாம்.

கொல்லர் கேட்டது அதைப்போல மூன்று மடங்கு. இரும்பின் நிறம் பார்த்தே அவர் சூட்டை அறிகிறார்: மங்கிய சிவப்பில் சம்மட்டி வீணாகும், பொறி பறக்கவிட்டால் இரும்பே எரிந்துபோகும். நுனியைத் தட்டிக் கூராக்கிய பிறகே சுருள் வளைக்கிறார். சுருளோடு சுருளைச் சேர்க்க ஒட்டுவதில்லை. பழுக்கக் காய்ச்சிய பட்டையைச் சுற்றி அடிக்கிறார், ஆறும்போது அது சுருங்கி இறுக்கிக்கொள்கிறது.

எனக்கு முடிவைச் சொன்னது இந்தப் பட்டைதான். விழுந்த இரண்டு சட்டமும் முன்பொரு முறை வெல்டிங் வைத்துச் சரிசெய்தவை; துரு ஒட்டுப்போட்ட இடத்திலேயே பிடித்திருந்தது. ஆயத்தக் கிரில்லில் பாதி உள்ளீடற்ற குழாய் வேறு. உள்ளே நீர் புகுந்தால், வெளியே பெயிண்டு பளபளக்கும்போதே தகடு அரித்துவிடும்.

பட்டைக்கட்டிலும் இடுக்கில் நீர் தங்கத்தான் செய்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஆண்டுதோறும் மெல்லிய தூரிகையால் ரெட் ஆக்சைடு என்னும் துருத்தடுப்புப் பூச்சு பூசுகிறேன், அலுப்பான வேலை. எங்கள் வீட்டுப் பழைய சட்டங்கள் கசடு இழையோடிய தேனிரும்பு (அந்தக் கால அடிப்பிரும்பு), என்னுடையது இன்றைய மைல்டு ஸ்டீல். பார்த்தது இரண்டு மழைக்காலம் மட்டுமே என்பதால் ஆயுளுக்கு உத்தரவாதம் தரமாட்டேன்.

பழுதுபார்க்க முடியும் என்பதற்கு உத்தரவாதம் தருவேன். சென்ற தையில் அறுபதாம் கல்யாணப் பந்தலின் சவுக்குக் கம்பு விழுந்து ஒரு சுருள் நசுங்கியது. அந்தச் சட்டத்தை மட்டும் கொல்லர் கழற்றி, பட்டையை வெட்டி, சுருளைக் காய்ச்சி நிமிர்த்தி, புதுப் பட்டை போட்டு அன்று மாலையே மாட்டினார். பெயிண்டு மட்டும் இன்னும் நிறம் சேரவில்லை.