பழைய ஃபுல் ஃபிரேமா, புதிய மிரர்லெஸ்ஸா? மங்கிய அறையில் ஓர் ஒப்பீடு

தங்கைக்குக் கேமரா வாங்க வேண்டும். குழந்தைக்கு இப்போதுதான் நடை வந்திருக்கிறது, ஓரிடத்தில் நிற்பதில்லை. அவள் எடுக்கப்போகும் படங்களில் முக்கால்வாசி வீட்டுக்குள்தான், அதுவும் வேலை முடிந்து வந்த பிறகு, விளக்கு வெளிச்சத்தில். பணத்துக்குத் தக்கபடி அலசியதில் இரண்டு கேமராக்கள் மிஞ்சின. ஒன்று, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய நிகான் டி750 என்ற ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர், கூடவே 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் (எஃப்புக்குப் பின்னால் வரும் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு அகலம், உள்ளே வரும் ஒளி அதிகம்). இன்னொன்று, பெட்டி பிரிக்காத சோனி ஏ6400 என்ற மிரர்லெஸ், அதோடு வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸ்.

“அண்ணா, ரெண்டுமே 24 மெகாபிக்சல்தானே, அப்புறம் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. மெகாபிக்சல் கணக்கில் வித்தியாசமே இல்லை. சென்சாரின், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லின், அளவில் இருக்கிறது. டி750இன் சென்சார் 36 × 24 மி.மீ., ஃபுல் ஃபிரேம் என்பது இந்த அளவுதான். ஏ6400இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய அளவு, சுமார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் முதலாவது இரண்டாவதைப் போல 2.4 மடங்கு. அதே லென்ஸ் திறப்பு, அதே ஷட்டர் வேகம் என்றால் பெரிய சென்சாருக்கு மொத்தமாக அவ்வளவு கூடுதல் ஒளி கிடைக்கும். புகைப்படக்காரர்கள் பேச்சில் இது ஒன்றே கால் ஸ்டாப் வித்தியாசம் (ஒளி இரண்டு மடங்கானால் ஒரு ஸ்டாப்). இருக்கிறது, ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை. “ஃபுல் ஃபிரேம் என்றாலே தனி” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒன்றே கால் ஸ்டாப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அந்தக் கேமராவில் மாட்டியிருந்த நல்ல லென்ஸின் புகழையும் சேர்த்து சென்சாரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கேமரா வாங்குபவர்கள் பாடியையும் பாடியையும், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராக்களை, ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது லென்ஸ் மாட்டிய கேமராவையும் லென்ஸ் மாட்டிய கேமராவையும். அதையும் நமக்கு வாய்க்கும் வெளிச்சங்களிலேயே மோசமானதில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் எந்தக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும்.

ஒற்றை விளக்கு, ஓடும் குழந்தை

தங்கை வீட்டுக் கூடத்தில் மாலை நேர வெளிச்சத்தை அளந்து பார்த்தேன். ஓடும் குழந்தையின் முகம் கலையாமல் இருக்க ஷட்டர் வேகம் குறைந்தது 1/160 நொடியாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில், எஃப்/1.8 லென்ஸோடு 1/160 வைத்தால் ஐஎஸ்ஓ 800 போதும் (ஐஎஸ்ஓ என்பது மங்கிய வெளிச்சத்தை ஈடுகட்ட ஏற்றும் எண், ஏற ஏறப் படத்தில் புள்ளிகள் கூடும்). கிட் லென்ஸை 50 மி.மீ. வரை இழுத்தால் அதன் அகலமான திறப்பே எஃப்/5.6தான். அதே 1/160க்கு ஐஎஸ்ஓ கிட்டத்தட்ட 8000 வரை ஏறுகிறது. திறப்பு எண்ணின் வர்க்கத்தில் ஒளி குறையும் என்பதால் இந்த இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 10 மடங்கு. அதன் மேல் சென்சார் பரப்பு வித்தியாசத்தையும் ஏற்றினால் 20 மடங்கைத் தாண்டிவிடுகிறது.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இந்த 20 மடங்கு எப்படி இருக்கும்? ஐஎஸ்ஓ 800இல் எடுத்த ஃபுல் ஃபிரேம் படத்தில் குழந்தையின் புருவ முடி ஒவ்வொன்றாகத் தெரியும். கன்னத்தின் நிறம் வழவழவென்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். 8000இல் கிட் லென்ஸோடு எடுத்ததில் புருவம் ஒரு கோடாகிவிடும். கன்னத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள், இருட்டுப் பகுதியில் ஊதாவும் பச்சையுமாக நிறத் திட்டுகள். கேமராவே அந்தப் புள்ளிகளைத் துடைத்துக் கொடுத்தால் தோல் மெழுகு பூசியது மாதிரி ஆகிவிடும்.

கிட் லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்கலாம். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். குழந்தை ஓடுவதை அது நிறுத்தாது.

இந்த மட்டில் டி750க்குத்தான் வெற்றி. கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

ஆனால் ஏ6400இல் அந்தக் கிட் லென்ஸைத்தான் மாட்ட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பாடியை மட்டும் வாங்கி, சிக்மா 30 மி.மீ. எஃப்/1.4 லென்ஸை மாட்டினால் என்ன ஆகும்? ஏபிஎஸ்-சி சென்சாரில் 30 மி.மீ. என்பது ஃபுல் ஃபிரேமில் 45 மி.மீ. கொடுக்கும் காட்சிக்குச் சமம். டி750இல் 50 மி.மீ. காட்டுவதும் ஏறக்குறைய இதைத்தான். திறப்பு எஃப்/1.4 என்பதால் அதே கூடத்தில் ஐஎஸ்ஓ 500 போதும். சென்சார் சிறியது என்ற குறையையும் சேர்த்துப் பார்த்தால், ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ 1200இல் எடுத்தது போன்ற படம் கிடைக்கும். டி750 இன்னமும் முன்னால்தான். எவ்வளவு முன்னால்? அரை ஸ்டாப் அளவுக்கு. இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாலும் என் தங்கைக்கு எது எது என்று சொல்லத் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

20 மடங்கை ஒரு லென்ஸ் மாற்றம் அரை ஸ்டாப்பாகச் சுருக்கிவிட்டது. அதனால்தான் பாடியைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்துவிட்டு, பெட்டியோடு வருகிற லென்ஸை எதுவும் கேட்காமல் வாங்கிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை.

கண்ணில் விழுகிறதா, காதில் விழுகிறதா

ஒளி ஏறக்குறைய சமமாகிவிட்டது. இனி ஃபோகஸ். அகலமான திறப்புக்கு ஒரு விலை உண்டு. டி750இல் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8இல் வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்துக் கூர்மையாக இருப்பது 4 செ.மீ. சொச்சம்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கிவிடும். காதில் வைத்தால் படமே வீண்.

டி750 போன்ற டிஎஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கும். வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் பார்ப்பது சென்சார் இல்லை. அந்தக் கண்ணாடியின் பின்னால் இருக்கும் சின்னத் துணைக் கண்ணாடி ஒளியில் கொஞ்சத்தைக் கீழே திருப்பிவிடும். கேமராவின் அடியில் இருக்கும் தனிப் பகுதி அதை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். அந்தப் பாதைக்கும் சென்சாருக்குப் போகும் பாதைக்கும் இம்மி வித்தியாசம் இருந்தால், ஃபோகஸ் எப்போதும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும். டி750இல் இதைச் சரிக்கட்ட ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்ற அமைப்பு இருக்கிறது. லென்ஸுக்கு லென்ஸ் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை அது. மேலும், டி750இன் 51 ஃபோகஸ் புள்ளிகளும் படத்தின் நடுப்பகுதியிலேயே நெருங்கிக் கிடக்கின்றன. குழந்தையின் முகம் ஓரத்துக்குப் போனால் புள்ளி எட்டாது.

அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஒரே சென்சார். முன்னே பின்னே விழும் தொல்லை அநேகமாக இல்லை. ஏ6400இல் ஃபோகஸ் புள்ளிகள் 425, சட்டத்தின் ஓரம் வரை பரவியிருக்கின்றன. அதைவிட முக்கியம், அது கண்ணைத் தேடிப் பிடிக்கும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் குழந்தையின் கண்மேல் ஒரு சின்னப் பச்சைச் சதுரம் ஒட்டிக்கொள்ளும். குழந்தை தலையைத் திருப்பினால் சதுரமும் கூடவே போகும், அடுத்த கண்ணுக்குத் தாவும். ஓடும் குழந்தையைப் படம் எடுக்கும் அம்மாவுக்கு, அரை ஸ்டாப் ஒளியைவிட இந்தப் பச்சைச் சதுரம் பல மடங்கு உதவும் என்பது என் தீர்மானமான கருத்து.

நேர்மாறான ஆளும் உண்டு. கல்யாணம், மேடை நிகழ்ச்சி என்று நாள் முழுக்க எடுப்பவருக்கு நான் டி750ஐத்தான் சொல்வேன். பேட்டரியைப் பாருங்கள்: நிலையான சோதனை முறையில் டி750 ஒரு சார்ஜில் 1230 படம், ஏ6400 வியூஃபைண்டர் வழியாக 360. டி750இல் இரண்டு கார்டு போடலாம், ஒன்று கெட்டாலும் இன்னொன்றில் படம் இருக்கும். திரும்ப எடுக்கவே முடியாத நிகழ்ச்சிக்கு இது ஆடம்பரம் அல்ல, அவசியம். ஏ6400இல் ஒரே கார்டுதான்.

வீடியோவுக்கு வாதமே தேவையில்லை, ஏ6400. அது 4கே எடுக்கும், ஃபோகஸும் வழுக்கிக்கொண்டே தொடரும். டி750 முழு எச்டியோடு நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும்: சத்தமில்லாத ஷட்டரை வைத்து ஏ6400இல் வேகமாக நகர்வதை எடுத்தால் உருவம் சாய்ந்துவிடும், சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். தூங்கும் குழந்தைக்கு அது நல்லது, ஓடும் குழந்தைக்கு வேண்டாம்.

எடை? டி750 பேட்டரி, கார்டோடு 840 கிராம், 50 மி.மீ. லென்ஸ் 185. ஒரு கிலோவைத் தாண்டுகிறது. ஏ6400 403, சிக்மா லென்ஸ் 265, மொத்தம் 670க்குள். இடுப்பில் குழந்தை இருக்கும்போது இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

பழையதைக் கையில் எடுத்தால்

கை மாறி வருவதை வாங்குவதில் தவறே இல்லை. நானே பலமுறை வாங்கியிருக்கிறேன். ஒருமுறை அவசரத்தில் பார்க்காமல் வாங்கிய லென்ஸில், ஒரு வாரம் கழித்து, உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் ஓடியிருப்பதைக் கண்டேன். பூஞ்சை. கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருந்தது. விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் போவதில்லை. லென்ஸைக் கழற்றி, திறப்பை முழுதாக அகட்டி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துக்கொண்டு முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசு நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. இழை இழையாகக் கிளை பிரிந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு திறப்பைச் சுருக்கி இதழ்களைப் பாருங்கள், எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது.

அப்புறம் பாடி. திறப்பை எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். சென்சாரில் உள்ள கறை எல்லாம் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். லென்ஸ் மூடியை மாட்டிவிட்டு சில நொடி எக்ஸ்போஷரில் இன்னொரு படம் எடுத்தால், கெட்டுப்போன பிக்சல்கள் நட்சத்திரம் போல மினுக்கும். ஒரு புத்தகத்தைச் சாய்த்து வைத்து, ஒரு வரியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். அந்த வரியா கூர்மையாக இருக்கிறது, அடுத்த வரியா என்பதிலிருந்து முன்னே பின்னே விழும் கதை தெரிந்துவிடும். இரண்டு கார்டு இடத்திலும் கார்டு போட்டுப் பாருங்கள்.

ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற எண்ணிக்கையை நிகான் கேமராவின் படக் கோப்பிலிருந்தே எடுக்கலாம். கேனானின் பெரும்பாலான மாடல்களில் அது கோப்பில் இருக்காது. டி750இன் ஷட்டர் 150,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. அந்த எண்ணைத் தொட்டவுடன் செத்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் 140,000இல் இருக்கும் கேமராவுக்கு 20,000இல் இருப்பதன் விலையைக் கொடுக்காதீர்கள். டி750இல் ஆரம்ப காலத்தில் தயாரானவற்றில் சிலவற்றுக்கு ஷட்டர் கோளாறு உண்டு என்று நிகானே அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. வாங்குமுன் சீரியல் எண் அந்தப் பட்டியலில் வருகிறதா, வந்தால் சரிசெய்யப்பட்டதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு மாறுவதாக இருந்தால்? நிகானின் எஃப் மவுண்ட் (பாடியில் லென்ஸ் மாட்டும் வாய்) 1959இலிருந்து இருப்பது, பழைய லென்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. பிறகு நிகானின் மிரர்லெஸ்ஸுக்குப் போனால் எஃப்டிஇசட் அடாப்டரில், தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் தானாக ஃபோகஸ் செய்யும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் செய்யாது, ஏனென்றால் அடாப்டருக்குள்ளும் மோட்டார் இல்லை. சோனியிலோ ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃபிரேம் இரண்டுக்கும் ஒரே இ மவுண்ட். ஆனால் அந்தச் சிக்மா 30 மி.மீ.யை 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமில் மாட்டினால் நடுப்பகுதி மட்டும்தான் உதவும், கைக்கு வருவது 10 மெகாபிக்சல் சொச்சம்.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராக்களையும் பார்த்தோம். சின்னது, லேசானது, பல மாடல்களில் பாடியிலேயே நடுக்கம் தடுக்கும் வசதி. ஊர் சுற்றுபவருக்கு அருமையான துணை. ஆனால் சென்சார் பரப்பு ஃபுல் ஃபிரேமில் கால்வாசிதான், மங்கிய கூடத்தில் அது கடிக்கும். தங்கைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கடைசியில் ஏ6400 பாடியும் சிக்மா லென்ஸும் வந்தன. கிட் லென்ஸ் வாங்கவில்லை. அவளிடம் கொடுக்கும் முன் ஐஎஸ்ஓவை ஆட்டோவில் வைத்து, உச்ச வரம்பு 6400 என்றும், ஷட்டர் 1/160க்குக் கீழே இறங்கக் கூடாது என்றும் அமைத்துக் கொடுத்தேன். திறப்பை எஃப்/2இல் வைத்தேன், 1.4ஐவிடக் கொஞ்சம் கூடுதல் ஆழத்தோடு முகம் கூர்மையாக வரட்டும் என்று. முதல் நாள் மாலையே குழந்தை லென்ஸை நோக்கி ஓடி வந்து, முன் கண்ணாடியில் ஐந்து விரலையும் பதித்துவிட்டுப் போனது. இப்போது ஒரு யுவி ஃபில்டரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கியிருக்கிறோம்.