பழைய காருக்கு ரீபோரா, அதே என்ஜினா, பெரிய என்ஜினா?

என் பழைய டீசல் காரின் பிளாக்கில், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் என்ஜினின் வார்ப்பிரும்பு உடலில், விரிசல் விட்டபோது முன்னால் இருந்தது மூன்று வழி. பிளாக்கைச் சரிபண்ணி ரீபோர் போடலாம் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டன் போடுவது), அதே மாடல் என்ஜினை வாங்கி மாற்றலாம், இல்லையென்றால் பெரிய என்ஜினாகவே இறக்கலாம். நான் இரண்டாவது வழியில் போனேன். இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

பிளாக் நன்றாக இருந்தால் ரீபோரை அடித்துக்கொள்ள ஆளில்லை. என்ஜின் நம்பர் பிளாக்கில்தான் இருக்கிறது. பிஸ்டன், கிராங்க், ஹெட் எதை மாற்றினாலும் ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள நம்பர் அப்படியே இருக்கும், அந்த நம்பருக்காக ஆர்டிஓ பக்கம் போக வேண்டியதில்லை. ஆனால் விரிசல் விட்ட வார்ப்பிரும்பை வெல்டிங்கில் நம்பி நெடுஞ்சாலைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

பெரிய என்ஜின் வேண்டாம் என்பதற்குச் சட்டமே போதும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்சி விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சிஎன்ஜி, மின்மோட்டார் கிட்டுகளுக்குச் சட்டத்தில் தனியாக வழி இருக்கிறது. நான் அவற்றைப் போட்டதில்லை என்பதால் அதற்கு மேல் பேசவில்லை.

இனி அதே மாடல் என்ஜின். இதில் எல்லாமே அந்த என்ஜினின் காகிதத்தில்தான் நிற்கிறது. சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய உதிரி பாகச் சந்தையில் நல்ல என்ஜின் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. அது எந்த வண்டியிலிருந்து கழன்றது என்பதற்கு ஆதாரம் கிடைப்பதுதான் கஷ்டம். என்ஜின் நம்பர் எழுதிய பில், பழைய வண்டியின் ஆர்சி நகல், அதன் பதிவு ரத்தானதற்கான அத்தாட்சி, இவை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். நம்பர் பொறித்த இடத்தில் கிரைண்டர் பட்ட தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள், திருட்டு வண்டியின் என்ஜினாக இருக்கலாம். சிசி (என்ஜின் கொள்ளளவு), எரிபொருள், பிஎஸ் நிலை (புகை மாசு விதியின் நிலை) மூன்றும் உங்கள் ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓவில் விண்ணப்பித்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்கச் சட்டம் சொல்கிறது. அதை நம்பி முதலில் மாட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதக் கடிதத்தையும் முதலிலேயே வாங்குங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வண்டியைப் பார்த்து நம்பரை ஒப்பிடுவார், அதன் பிறகு ஆர்சியில் புது நம்பர் ஏறும்.

இத்தனை அலைச்சலும் எதற்கு என்றால், வண்டியை விற்கும் நாளுக்காக. வாங்க வருகிறவர் பானெட்டைத் திறந்து ஆர்சியோடு ஒப்பிடுவார். நம்பர் வேறாக இருந்தால் பேரம் அங்கேயே முறியும், முறியாவிட்டாலும் பெயர் மாற்றத்தில் சிக்கும். விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயரும் அதையேதான் பார்ப்பார். அனுமதியோடு மாற்றிய காருக்கு விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் விற்க முடியும். அனுமதி இல்லாததை உதிரி பாகமாகத்தான் கேட்பார்கள்.

புது ஆர்சி கைக்கு வந்ததும் நகலை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்து பாலிசியிலும் நம்பரைத் திருத்துங்கள். அதுவரை பழைய பிளாக்கை எடைக்குப் போட வேண்டாம். போடும்போதும் அதன் நம்பர் எழுதிய ரசீது வாங்கி வையுங்கள்.