முதியோர் இல்லத்தில் தன்னார்வலராகச் சேரப்போகும் மாணவர்களே, பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

தன்னார்வலர் என்று பெயர் கொடுத்து, என்னையும் என்னுடன் சேர்ந்த மற்ற மாணவர்களையும் ஒரு முதியோர் இல்லம் சம்பளமில்லாத பராமரிப்பாளர்களாக வேலை வாங்கியது. தருவதாகச் சொன்ன பயிற்சியைத் தரவில்லை. சான்றிதழும் கைக்கு வரவில்லை, கட்டிய முன்பணமும் திரும்பவில்லை. இதெல்லாம் எங்கள் நஷ்டம், போகட்டும். அங்கே இருக்கும் பெரியவர்களின் குடும்பங்கள், பயிற்சி பெற்ற ஆட்கள்தான் தங்கள் அம்மாவையும் அப்பாவையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நம்பி மாதாமாதம் பணம் கட்டுகின்றன. அவர்களுக்கு நடப்பதுதான் பெரிய மோசடி. அதற்கு மாணவர்கள் நாம் கருவியாகிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சேரும்போது சொன்னது கேட்க நன்றாகவே இருந்தது. பெரியவர்களுக்குப் பேச்சுத்துணையாக இருக்க வேண்டும், செய்தித்தாள் படித்துக்காட்ட வேண்டும், சேர்ந்து விளையாட வேண்டும், பேரப்பிள்ளைகளுடன் வீடியோவில் பேச உதவ வேண்டும். வாரத்தில் சில மணி நேரம் போதும். முதல் நாளே பயிற்சி, கூடவே ஒரு மேற்பார்வையாளர், முடிவில் மணிக்கணக்கு போட்ட சான்றிதழ். பதிவுக்கு ஒரு கட்டணம், அடையாள அட்டைக்கு ஒரு முன்பணம். மருத்துவம், நர்சிங், சமூகப்பணி என்று மேலே படிக்க நினைக்கும் மாணவருக்கு அப்படியொரு சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பயிற்சி என்று நடந்தது இல்லத்தைச் சுற்றிக்காட்டியது மட்டும்தான். எந்தக் கதவு எங்கே திறக்கும், நன்கொடையாளர் வந்தால் எப்படி வணக்கம் சொல்ல வேண்டும், குடும்பத்தார் எதைக் கேட்டாலும் "அலுவலகத்தில் கேளுங்கள்" என்று சொல்லிவிட வேண்டும். கை கழுவுவது பற்றி ஒரு வார்த்தை இல்லை. யாருக்கு மறதி நோய், யாருக்குக் காது கேட்காது, யார் விழும் அபாயத்தில் இருக்கிறார், ஒன்றும் சொல்லவில்லை.

ஆரம்பத்தில் சொன்ன வேலையைத்தான் செய்தோம். அந்த நாட்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பார்வை மங்கிய ஒரு தாத்தாவுக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டுவேன். அவர் நடுவில் நிறுத்தி, தான் வேலை பார்த்த காலத்தில் அது எப்படி இருந்தது என்று சொல்லுவார். காது மந்தமானவரிடம் கத்தக் கூடாது, என் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் உதட்டசைவைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார்கள் என்பதை அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாணவர் செய்யக்கூடிய உண்மையான உதவி இதுதான். இல்லத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை. நமக்கு இருக்கிறது.

அப்புறம் பராமரிப்பாளர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போக ஆரம்பித்தார்கள். அவர்கள் இடத்துக்குப் புதிய ஆள் வரவில்லை. "இன்னைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் பாத்துக்கோப்பா" என்று மேலாளர் கேட்பார். மறுவாரம் அதே "இன்னைக்கு ஒருநாள்". சாப்பாடு ஊட்டுவது, படுக்கையிலிருந்து தூக்கி வீல்சேரில் வைப்பது, டயாப்பர் மாற்றுவது, மாலை ஷிஃப்ட் முழுக்க ஒரு தளத்தையே தனியாகப் பார்த்துக்கொள்வது என்று வேலை கூடிக்கொண்டே போனது. ஒருகட்டத்தில் சுவரில் ஒட்டிய பணிப்பட்டியலில் பராமரிப்பாளர் என்ற கட்டத்திலேயே எங்கள் பெயர்கள் இருந்தன.

இதில் என்ன தப்பு, சேவைதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு மதியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்து பேச்சு குழறும் ஒரு பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். படுக்கையில் சாய்ந்திருந்தார். டம்ளரை வாயில் வைத்ததும் புரையேறி, மூச்சு இழுத்து, முகம் கறுத்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்த பராமரிப்பாளர் அக்கா ஓடிவந்து, அவரை நேராக நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் குனியவைத்து இருமவைத்தார். பாட்டி பிழைத்துக்கொண்டார். "இவங்களுக்குத் தண்ணியக் கெட்டியாக்கிக் குடுக்கணும், உனக்கு யாரும் சொல்லலையா?" என்று அந்த அக்கா கேட்டார். யாரும் சொல்லவில்லை. படுக்கைக்கு மேல் ஒரு குறிப்புகூட எழுதி ஒட்டியிருக்கவில்லை.

பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. நீர்த்த திரவம் வேகமாக இறங்குவதால், மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும் முன்பே அதற்குள் போய்விடும். அதனால்தான் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து, யாருக்கு எந்த அளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று எழுதிவைப்பார். ஊட்டும்போது நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், தலை பின்னால் சாயக் கூடாது, ஒரு வாய் இறங்கியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. முடிந்த பிறகும் அரைமணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. இன்னும் பயங்கரமான விஷயம், சிலருக்கு உணவு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. சில நாட்கள் கழித்து நிமோனியா என்றுதான் வெளியே தெரியும். அப்போது எந்த வேளை, எந்தக் கை என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பயிற்சியில்லாத மாணவர் கையில் டம்ளரைக் கொடுக்கும் நிர்வாகத்துக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கொடுக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தூக்குவதும் அப்படித்தான். அக்குளில் கைகொடுத்து இழுத்தால் வயதானவரின் தோள்மூட்டு விலகலாம். காகிதம் போல மெலிந்த தோல் கிழிந்துவிடும். இரண்டு பேர் சேர்ந்து, இடுப்பில் பட்டை கட்டி, அல்லது அதற்கென்று இருக்கும் தூக்கும் கருவியை வைத்துத்தான் செய்ய வேண்டும். எங்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, வைத்தியச் செலவு அவர் வீட்டாருடையது. தன்னார்வலருக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டதற்கு மேலாளர் சிரித்தார்.

மறதி நோய் இருப்பவர்கள் தங்கியிருந்த தளத்தில் மாலை நேரம்தான் மிகவும் கஷ்டம். பொழுது சாயும் வேளையில் அவர்களில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுவார்கள். டிமென்ஷியாவில் இது எல்லா இடத்திலும் பார்க்கிற விஷயம். என்றோ இறந்துபோன அம்மாவை ஒருவர் தேடும்போது "உங்கம்மா செத்துப்போயிட்டாங்க" என்று திருத்தினால், அந்தச் சாவை அவர் அந்த நிமிடம் புதிதாகக் கேட்கிறார். அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே மெல்ல வேறு பக்கம் பேச்சைத் திருப்ப வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க அதிகம் செலவாகாது, ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைக்கூட ஒதுக்காமல், பழகாத மாணவர்களை மாற்றி மாற்றி அங்கே அனுப்பினார்கள். முகங்கள் மாறிக்கொண்டே இருப்பதே அவர்களுடைய பயத்தைக் கூட்டும்.

வயிற்றுப்போக்கு பரவிய வாரத்திலும் எங்களை வரச் சொன்னார்கள். வாசலில் கைக்குத் தடவ ஜெல் இருந்தது, அதோடு சரி. நோரோவைரஸ் போன்ற வயிற்றுக் கிருமிகளுக்கு ஆல்கஹால் ஜெல் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும் என்று நர்சிங் படிக்கும் தோழி சொல்லித்தான் தெரிந்தது. ஓரறையிலிருந்து இன்னோர் அறைக்கு அதை நாங்களே சுமந்து போயிருக்கக்கூடும்.

விளம்பரத்துக்குப் படம் எடுத்ததையும் சொல்லியாக வேண்டும். சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத பெரியவர்களின் அருகே எங்களை உட்காரவைத்து எடுத்தார்கள். அந்தப் படங்கள் நன்கொடை கேட்கும் அறிவிப்புகளில் வந்தன. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் ஏற்றுக்கொண்ட முதியோருக்கான 18 கோட்பாடுகளில், எந்த இல்லத்தில் தங்கியிருந்தாலும் அவர்களுடைய கண்ணியமும் அந்தரங்கமும் மதிக்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. டயாப்பர் மாற்றும் நேரத்தில் கதவை மூட ஒரு திரைகூட இல்லாத இடத்தில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

சேர்ந்து போய்க் கேட்டோம். ஊட்டுவது, தூக்குவது போன்ற வேலைகளை இனிச் செய்ய மாட்டோம், சொன்ன வேலையை மட்டும் செய்கிறோம் என்றோம். மேலாளரின் பதில், "அப்படின்னா மணிக்கணக்கு சேராது, சான்றிதழும் கிடையாது." ஏற்கெனவே முடித்த மணிகளுக்கும் கிடையாதாம். முன்பணம் "பாதியில் விலகியவர்களுக்குத் திருப்பித் தரப்படாது" என்று, நாங்கள் ஒருபோதும் பார்த்திராத ஒரு விதியைக் காட்டினார்கள். 2013இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் மாநாடு தன்னார்வ வேலையை வரையறுத்தபோது, ஊதியம் இல்லாதது என்பதோடு கட்டாயம் இல்லாதது என்பதையும் சேர்த்தே சொன்னது. சான்றிதழைப் பிடித்துவைத்து மிரட்டி வாங்கும் வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அங்கே வேலை செய்யும் அக்காக்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தொகுத்த ஆய்வுகளில், இல்லங்களில் பணியாற்றுபவர்களில் மூன்றில் இரண்டு பேர் கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் முதியவரைத் துன்புறுத்தியதாகத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். உரிய நேரத்தில் கவனிக்காமல் விடுவதும் அதில் ஒரு வகை. ஆள் பற்றாக்குறையும் ஓய்வில்லாத வேலையும் அதற்கு முக்கியமான காரணங்கள். படுக்கையிலேயே இருப்பவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். தளத்துக்கு ஒரே ஓர் அக்கா இருந்தால் அவர் எத்தனை பேரைத்தான் புரட்டுவார்? அந்தக் காலி இடத்தை மாணவர்களை வைத்து மூடும்வரை நிர்வாகம் ஆள் எடுக்காது. நாம் பாவம் பார்த்து அந்த வேலையைச் செய்யச் செய்ய, பெரியவர்களின் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

சேரப்போகிறீர்கள் என்றால், உங்கள் வேலை என்ன, எது உங்கள் வேலை இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். ஊட்டுதல், தூக்குதல், மருந்து கொடுத்தல், அந்தரங்கப் பராமரிப்பு இவை இல்லை என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஷிஃப்டில் உங்களுக்குப் பொறுப்பான ஊழியர் யார் என்று பெயர் கேளுங்கள். உங்களைப் பற்றி அவர்கள் என்ன விசாரிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அடையாளம், பின்னணி, தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை என்று குடைந்து கேட்கும் இல்லம் தொந்தரவாகத் தோன்றும், ஆனால் நல்ல இல்லம் அதுதான். யார் எவர் என்று பார்க்காமல் அன்றைக்கே உள்ளே விடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு ஆள் அவசரம் என்று அர்த்தம். தன்னார்வம் செய்ய நீங்களே பணம் கட்ட வேண்டும் என்றால் எதற்கு, எப்போது திரும்பும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மணிக்கணக்கை மாதக் கடைசிவரை விடாதீர்கள், வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். பெரியவர்களின் பணத்தையோ வங்கி அட்டையையோ, சாட்சிக் கையெழுத்து கேட்கும் காகிதத்தையோ யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஓர் இடத்தில் மாட்டியிருந்தால், ஒரு வேலை உங்களுக்குத் தெரியாது என்றால் "எனக்கு இதில் பயிற்சி இல்லை" என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள், எழுதியும் அனுப்புங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் தேதியோடு குறித்துவையுங்கள். ஆதாரம் என்று பெரியவர்களைப் படமெடுத்துப் பொதுவில் போடாதீர்கள், அவர்களுக்கு அது இன்னோர் அவமானம். விலகும்போது உங்களுக்காகக் காத்திருக்கும் பெரியவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

நாங்கள் எங்கள் கல்லூரியிலும், இல்லங்களைக் கண்காணிக்கும் அதிகாரிகளிடமும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். முன்பணத்தைவிட, அந்தப் பாட்டிக்கு நடந்ததைத்தான் முதலில் எழுதினோம். அதே இல்லத்தில் எங்களுக்கு முன்னால் தன்னார்வலராக இருந்த மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், எந்த மாதங்களில் இருந்தீர்கள், என்னென்ன வேலை கொடுத்தார்கள், பணிப்பட்டியலில் உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று எழுதி அனுப்புங்கள். புகாருடன் சேர்த்துக் கொடுக்கிறோம்.