பழைய இன்னோவாவா, எர்டிகா டீசலா? டைமிங் பெல்ட், டைமிங் செயின் ஓர் ஒப்பீடு

ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி வேண்டும், செகண்ட் ஹேண்ட் போதும், பத்து வயது தாண்டியிருந்தாலும் பரவாயில்லை. இப்படித் தேட ஆரம்பித்தால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்போம்: டொயோட்டா இன்னோவா 2.5, மாருதி எர்டிகா டீசல். மைலேஜுக்கு எர்டிகா, இடத்துக்கு இன்னோவா. இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் இன்னோவாவை எடுத்தேன். முக்கியமான காரணம், அதில் இருப்பது டைமிங் பெல்ட். எர்டிகாவில் செயின். "செயின்தான் ஆயுசுக்கும் வரும், பெல்ட் வண்டி செலவு வைக்கும்" என்பது ஊர்ப் பேச்சு. செகண்ட் ஹேண்ட் டீசல் வாங்குபவருக்கு இந்தப் பேச்சு பொருந்தாது என்பது என் முடிவு.

வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கையும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேமையும் இணைப்பது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அந்தக் கணக்குத் தப்பக் கூடாது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுக்கும் அதற்கும் நடுவே இடமே இருக்காது. பெல்ட் கட் ஆனாலும் செயின் பல் தாண்டினாலும் பிஸ்டன் வால்வில் இடிக்கும். வால்வ் வளையும், வால்வை அழுத்தும் ராக்கர் உடையும், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கியாக வேண்டும். விபரீதம் இரண்டிலும் ஒன்று என்பதால், அதற்கு முன்னால் எதை நம்மால் சரிபார்க்க முடியும், எதை முடியாது என்பதை வைத்துத்தான் நான் எடை போட்டேன்.

எர்டிகாவில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா என்று இந்தியாவில் ஓடாத வண்டியே இல்லை எனலாம். அருமையான இன்ஜின். அதன் டைமிங் செயினுக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்ற கெடு கிடையாது. அதனாலேயே அது தேயாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செயின் 'நீளுகிறது' என்று மெக்கானிக்குகள் சொல்வது இரும்பு இழுபடுவதை அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் அது உட்காரும் துளையும் மயிரிழை அளவு தேய்கின்றன. அத்தனை கண்ணிகளின் தேய்மானமும் கூடி, பழைய சைக்கிள் செயின் போல மொத்தமாகத் தளர்ந்துவிடுகிறது. அந்தத் தளர்ச்சியை இழுத்துப் பிடிப்பது டென்ஷனர். அது தள்ளுவது ஆயில் பிரஷரில்.

ஆகவே செயினின் ஆயுள் முழுக்க ஆயிலின் கையில். டீசல் ஆயிலில் கரி சேரும், அந்தக் கரி பின்களை அரம் வைத்ததுபோல் தேய்க்கும். இந்த இன்ஜினில் ஆயில் கொள்ளளவே சுமார் 3 லிட்டர்தான். 10,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை ஒருவர் 18,000 வரை ஓட்டினால், அந்தக் கரி எல்லாம் இந்தக் கொஞ்ச ஆயிலில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வண்டி அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. மூன்றாவது ஓனர் கைக்கு வரும்போதுதான் சத்தம் போடும்.

எனக்கு இந்த இடம்தான் முடிவைத் தீர்மானித்தது. நான் பார்த்த எர்டிகா ஒன்று வெளியே கண்ணாடி மாதிரி இருந்தது. சர்வீஸ் பதிவு முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் இருந்தது. அதற்கப்புறம் "வெளியில தெரிஞ்ச ஷெட்ல பார்த்தோம்" என்றார்கள். பில் இல்லை. மீட்டரில் இருந்த எண்ணை நம்பவும் வழியில்லை, திருப்பி வைப்பது இந்தச் சந்தையில் சாதாரணம். கூட வந்த மெக்கானிக் சொன்னார்: "அண்ணே, செயினைப் பார்க்கணும்னா முன் கவரைக் கழட்டணும், அடியில ஆயில் நிக்கிற சம்ப்பையும் இறக்கணும். வாங்காத வண்டியில யாரு கழட்ட விடுவா? ஆயில் பில்லக் கேளுங்க, அதான் செயின்."

காதால் கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. போவதற்கு முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட் மேல் கை வைத்துப் பார்த்து, சூடு இல்லையென்றால் திறந்துவைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். ஆயில் பிரஷர் ஏறும் முதல் இரண்டு மூன்று விநாடியில் முன் கவர் பக்கம் கலகலவென்று சத்தம் வந்து அடங்கினால் செயினோ டென்ஷனரோ போய்க்கொண்டிருக்கிறது. பெட்ரோல் வண்டியில் இது நன்றாகவே கேட்கும். டீசலில் இன்ஜினின் சொந்தச் சத்தமே அதை அமுக்கிவிடும். பழகிய காதுக்கும் சந்தேகம் வரும்.

இன்னோவாவில் இந்தத் தலைவலி இல்லை. பழைய இன்னோவாவின் 2KD இன்ஜின் 2494 சிசி, வண்டிக்குள் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் முன்பக்கம், மேல்வாட்டில். கவரைக் கழற்றினால் பெல்ட் கண்ணெதிரே. என் வண்டியில் கழற்றியபோது, பெல்ட்டின் முதுகில் அச்சு எழுத்து பாதி அழிந்திருந்தது, பல்லின் அடியில் மெல்லிய கோடுகள் விட ஆரம்பித்திருந்தன, ஆயில் ஈரம் மட்டும் இல்லை. முந்தைய ஓனர் எப்போது மாற்றினார் என்று யாரையும் கேட்கத் தேவையே இல்லாமல் போனது. பெல்ட், டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரமான ஐட்லர் மூன்றையும் புதிதாகப் போட்டு, டைமிங் மார்க் பார்த்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி மார்க் பார்த்து மூடினார்கள். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைத் தொடவில்லை. அரை நாள் வேலை. அந்த நாளிலிருந்து அந்தப் பெல்ட்டின் முழுச் சரித்திரமும் என் கையில். நம்மூர் வழக்கப்படி லட்சம் கிலோமீட்டருக்கு அடுத்தது. நினைவூட்ட மீட்டரிலேயே டி-பெல்ட் விளக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பழைய ஓனர் பெல்ட் மாற்றாமலே அந்த விளக்கை ரீசெட் செய்திருக்கலாம் என்பதால், வாங்கும்போது விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது.

பெல்ட்டின் குறை ஒன்று உண்மையிலேயே பெரிது. அது சத்தம் போடாது. செயின் பல நாள் கலகலத்துத்தான் போகும். பெல்ட் நேற்றுவரை நன்றாக ஓடி இன்று நெடுஞ்சாலையில் கட் ஆகும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும், கேம் சீல் கசிந்து ஆயில் பட்டால் இன்னும் சீக்கிரம். கெடுவை மதிக்காதவர் பெல்ட் வண்டி பக்கமே போகக் கூடாது.

எல்லாப் பெல்ட்டும் இவ்வளவு சுலபமில்லை. ஃபோர்டு 1.4 டிடிசிஐ, ஃபோக்ஸ்வேகன் டிடிஐ, டஸ்டரில் வந்த ரெனோவின் 1.5 டீசல் போன்றவற்றில் இன்ஜின் குறுக்குவாட்டில் இருப்பதால் மவுண்டைக் கழற்றித்தான் பெல்ட்டுக்குப் போக முடியும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதையும் கூடவே மாற்றிவிடுவது நல்லது. செலவு கூடும். அப்படியும், செயின், அதைத் தாங்கும் கைடு, டென்ஷனர், பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் என்று செட்டாக மாற்றும் செயின் வேலையைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும். பிஎம்டபிள்யூவின் N47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அங்கே செயின் செட்டை மாற்றப் பெரும்பாலும் இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும்.

புது வண்டி எடுத்து, நேரத்துக்கு ஆயில் மாற்றி, தானே பத்துப் பதினைந்து வருடம் ஓட்டுபவருக்குச் செயின்தான் சரி. 2016-ல் வந்த இன்னோவா கிறிஸ்டாவின் 2.4 டீசலில் டொயோட்டாவே செயினுக்கு மாறிவிட்டது. முதல் ஓனருக்கு அது லாபம். பில்லோடு வரும் கிறிஸ்டாவை நானும் தயங்காமல் எடுப்பேன். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் செயின்களும் ஒழுங்காக ஆயில் பார்த்தால் தொல்லை தருவதில்லை.

எக்கோஸ்போர்ட் 1.0 எக்கோபூஸ்ட்டில் உள்ளது ஆயிலுக்குள்ளேயே ஓடும் ஈரப் பெல்ட். நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அழுத்திச் சொல்ல மாட்டேன். தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உரிந்து, அந்தத் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும் என்பது தெரிந்த விஷயம். செயினைப் போலவே அதுவும் பழைய ஓனர் ஊற்றிய ஆயிலை நம்பி ஓடுகிறது என்பதால், இன்னோவாவின் உலர்ந்த பெல்ட்டுக்குச் சொன்ன எதையும் அதற்குச் சொல்ல முடியாது.