பாட்டும் படமும் சேர்ந்தே ஓட: பவர்பாயின்டில் போட்டோ ஷோ செய்த அனுபவம்

கல்யாண வரவேற்பில் மேடைக்குப் பக்கத்தில் ஓடும் போட்டோ ஷோவைப் பவர்பாயின்டிலேயே செய்துவிடலாமா என்று யாராவது என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் உட்காரும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: இந்த மென்பொருளில் பாட்டு தன் பாட்டுக்கு ஓடும், ஸ்லைடு தன் பாட்டுக்கு நகரும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு எதுவும் உள்ளே கிடையாது. கட்டுவது நம் வேலை.

நான் சேலத்தில் கணக்கு ஆசிரியை. சக ஆசிரியர்களின் பணி நிறைவு விழா, வீட்டுக் காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் விருந்தினர்களைத் தங்கவைக்கும் தோழிக்கு ஒரு ஷோ என்று 2007 பதிப்பில் தொடங்கி இன்றைய சந்தா பதிப்பு வரை இதிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காசு வாங்கிச் செய்வதில்லை. அதனால் குறையைச் சொல்லத் தயக்கமும் இல்லை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2007-ல் எம்பி3 பாட்டு பிரசன்டேஷனுக்குள் போய் உட்காராது. கோப்பு இருக்கும் இடத்தின் விலாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளும். பென்டிரைவில் பிரசன்டேஷனை மட்டும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனால் படம் வரும், பாட்டு வராது. 2010 பதிப்பிலிருந்து பாட்டு உள்ளேயே சேர்ந்துவிடுகிறது. இசையோடு ஷோ செய்பவர்களுக்கு இந்த மென்பொருள் உருப்படியானது அப்போதிருந்துதான்.

பாட்டைச் சேர்த்ததும் 'ப்ளேபேக்' பட்டையில் 'ப்ளே இன் பேக்கிரவுண்டு' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லி எல்லாரும் கற்றுக்கொடுப்பார்கள். அது ஒரே தட்டலில் நாலு வேலை செய்கிறது: தானாகத் தொடங்கும், எல்லா ஸ்லைடுக்கும் தொடரும், முடிந்தால் மறுபடி முதலிலிருந்து பாடும், ஒலிபெருக்கிப் படத்தை மறைக்கும். வரவேற்பில் வந்தவர்கள் சாப்பிட்டுப் போகும்வரை ஓட வேண்டிய ஷோவுக்கு இது சரி. தாளத்துக்குப் படம் மாற வேண்டுமென்றால் மூன்றாவதை, அதாவது 'லூப்'பை, எடுத்துவிடுங்கள். ஏன் என்று அடுத்த கணக்கில் தெரியும்.

பாட்டு 4 நிமிடம் 20 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 260 விநாடி. படத்துக்கு 5 விநாடி என்றால் 52 படம். 'ட்ரான்சிஷன்ஸ்' பட்டையில் 'ஆஃப்டர்' என்ற கட்டத்தில் 5 விநாடி கொடுத்து, எல்லாவற்றுக்கும் 'ஃபேடு' போட்டு ஓடவிட்டால், பாட்டு முடிந்த பிறகும் படங்கள் வந்துகொண்டே இருக்கும். காரணம், ஒரு படம் மறைந்து அடுத்தது தெளிவதற்கு ஆகும் நேரம் அந்த 5 விநாடிக்குள் சேராது. மாற்றம் முடிந்த பிறகுதான் 'ஆஃப்டர்' எண்ணத் தொடங்குகிறது. 'ஃபேடு'க்கு அவர்கள் வைத்திருக்கும் நேரம் 0.70 விநாடி. ஆக ஒரு படத்துக்கு 5.70, 52 படத்துக்கு 296 விநாடி சொச்சம். கடைசி ஆறு படம் மௌனமாகப் போகும். லூப் இருந்தால் இன்னும் மோசம். பாட்டன் பாட்டியின் படம் வரும் நேரத்தில் முதல் பல்லவி மறுபடி துள்ளிக்கொண்டு வரும்.

இதற்கு மருந்து எளிது. இடது பக்கம் எல்லா ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து 'ஆஃப்டர்' கட்டத்தில் 4.30 என்று கொடுங்கள். 4.30-ம் 0.70-ம் சேர்ந்தால் 5. விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை அந்தக் கட்டம் ஏற்றுக்கொள்கிறது. போட்டோ ஷோவுக்கு இதில் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி இதுதான்.

இப்போது தாளத்துக்கு வருவோம். நிமிடத்துக்கு 96 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டு 0.625 விநாடி. எட்டு தட்டு, அதாவது ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், சரியாக 5 விநாடி. பாட்டு கற்றவர்கள் தொடையில் தட்டிக்கொண்டே ஸ்லைடு நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். 90 தட்டு பாட்டென்றால் ஆவர்த்தனம் 5.33, 'ஆஃப்டர்' 4.63. ஆனால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற அவசரம் வேண்டாம். ஒரே ஒரு தட்டு பிசகி 96-ஐ 97 என்று எடுத்துக்கொண்டாலே, 52-வது படத்தில் பாட்டுக்கும் படத்துக்கும் இரண்டரை விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து ஆவர்த்தனத்துக்கு எத்தனை விநாடி என்று அளந்து பத்தால் வகுங்கள். அது போதும்.

இன்னொரு நுணுக்கம். 'ஃபேடு' தொடங்கும் நொடியில் கண்ணுக்குப் புதுப் படம் தெரியாது. பாதி வழி வந்த பிறகுதான் தெரியும். ஆகவே தாளத்தின் தட்டும் மாற்றத்தின் நடுவும் ஒன்றாக விழ வேண்டும். முதல் ஸ்லைடின் நேரத்தை மட்டும் அதற்கேற்ப ஒரு 0.35 விநாடி நகர்த்திவிட்டால் மற்றவை தாமாக வரிசைக்கு வந்துவிடும். எதற்கு இத்தனை நுணுக்கம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1935-ல் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய ஊர் இது. ஏற்காடு போகிற சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. எங்கள் ஊரில் பந்திக்குக் காத்திருப்பவர்கூட "கட்டிங் சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஸ்டுடியோவில் ஒரே வேகத்தில் பதிவான பாட்டுக்கு. நாதஸ்வரத்துக்கும் மேளத்துக்கும் அது பொருந்தாது. கச்சேரி சூடுபிடிக்கப் பிடிக்க வேகம் ஏறும். அதுதான் அதன் அழகே. அங்கே 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' கைகொடுக்கும். பாட்டு ஓடும், நீங்கள் மாற்ற வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும், ஒவ்வொரு ஸ்லைடின் நேரத்தையும் அதுவே எழுதிக்கொள்ளும். கை எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் தட்டும். முடிந்ததும் 'ஸ்லைடு சார்ட்டர்' பார்வையில் எல்லா நேரமும் படத்தின் கீழே வரிசையாக நிற்கும். பிசிறடித்ததை மட்டும் திருத்தினால் போதும். சினிமாப் பாட்டிலும் இதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். சரணத்தில் தனி முகங்கள் நின்று நிதானமாக, இடையிசையில் கும்பல் படங்கள் சடசடவென்று. எல்லாப் படமும் 5 விநாடி என்றால் மூன்றாவது நிமிடத்தில் பார்க்கிறவர் போனை எடுத்துவிடுவார்.

நொடி பிசகக் கூடாத இடம் என்று ஒரு ஷோவில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அறுபதாம் கல்யாண ஷோவில் அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைத் தாலி கட்டும் படம். கெட்டிமேளம் எடுக்கும் அதே கணத்தில் அது விழ வேண்டும். அதற்கு 'புக்மார்க்' என்ற வசதி இருக்கிறது. ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டு, கெட்டிமேளம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி 'ஆட் புக்மார்க்' கொடுங்கள். பிறகு தாலிப் படத்தின் அனிமேஷனில் 'ட்ரிகர்' போய் அந்தப் புக்மார்க்கைச் சுட்டுங்கள். இங்கே மட்டும் படம் பாட்டின் பேச்சைக் கேட்கிறது. எந்தக் கணினியில் ஓடினாலும் விலகாது. ஒரு கட்டுப்பாடு உண்டு: பாட்டும் படமும் ஒரே ஸ்லைடில் இருந்தால்தான் இது நடக்கும். முதல் ஸ்லைடில் தொடங்கி எல்லாவற்றுக்கும் தொடரும் பாட்டை வைத்து இருபதாவது ஸ்லைடின் படத்தை இழுக்க முடியாது. ஆகவே மேளத்தை அந்த ஸ்லைடுக்கென்று தனியாக வெட்டி வைத்துவிட வேண்டும்.

முந்தைய பாட்டு அதற்குள் அடங்க வேண்டுமே! 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்'-ல் இத்தனை ஸ்லைடுக்குப் பிறகு நிற்கட்டும் என்று எண் கொடுக்கலாம், ஆனால் வெடுக்கென்று நிற்கும். ஒலியை மெல்லக் குறைக்கும் 'ஃபேடு அவுட்' பாட்டின் கடைசியில் மட்டும்தான் வேலை செய்யும். எனவே 'ட்ரிம் ஆடியோ'வில் பாட்டைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, அதன் பிறகு 'ஃபேடு அவுட்' கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று பாட்டு சேர்ந்த ஷோ என்றால் இந்தத் தொல்லையே வேண்டாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் முதலிலேயே எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மாற்றங்களில் 'ஃபேடு', 'மார்ஃப்' இரண்டைத் தவிர வேறெதையும் நான் தொடுவதில்லை. திரைச்சீலை விலகுவது, தாள் கசங்குவது எல்லாம் பிள்ளைகளின் பிராஜெக்டுக்கு இருக்கட்டும். 2019 பதிப்பிலும் சந்தா பதிப்பிலும் உள்ள 'மார்ஃப்' நல்ல சரக்கு. ஸ்லைடை நகலெடுத்து, நகலில் படத்தைப் பெரிதாக்கி, 'மார்ஃப்' போட்டு 4 விநாடி கொடுத்தால், நின்ற படத்தின் மேல் கேமரா மெதுவாக நெருங்குவதுபோல இருக்கும். தோழியின் தோட்டத்துக்கு எடுத்த ஷோவில் இது நிறைய உதவியது. ஏற்காட்டுப் படங்களில் தொல்லை என்னவென்றால் மூடுபனி. பனி மூடிய ஏரியிலிருந்து பனி மூடிய கொண்டை ஊசி வளைவுக்கு 'ஃபேடு' செய்தால் படம் மாறியதே தெரியாது. சாம்பல் நிறம் சாம்பல் நிறமாகவே இருக்கும். நடுவே பழுத்த காபிப் பழத்தின் சிவப்போ, சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியின் பச்சையோ வந்தால்தான் தாளம் கண்ணில் படும். மார்ச், ஏப்ரலில் மழைக்குப் பின் செடி முழுக்க வெள்ளையாய்ப் பூப்பதையும், நவம்பருக்கு மேல் பழம் பறிப்பதையும் அடுத்தடுத்து வைத்தோம். பாட்டு அங்கே வெறும் துணைதான்.

படங்களின் தரம் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். பவர்பாயின்டும் தன் பங்குக்குச் சுருக்கும். ஸ்லைடின் அகலம் 13.33 அங்குலம். 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்'-ல் 150 பிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி, வைத்தால் சுமார் 2000 புள்ளி வரும். முழு எச்டிக்கு 1920 போதும். 96-க்கு இறக்கினால் பெரிய திரையில் முகம் கலங்கிவிடும். போனில் நெட்டுக்குத்தாக எடுத்த படங்களுக்கு, அதே படத்தைப் பெரிதாக்கி மங்கலாக்கிப் பின்னால் வைத்தால் இரண்டு பக்கக் கறுப்புப் பட்டை போய்விடும்.

இத்தனை கணக்குப் போட்டும் நான் ஏன் எடிட்டிங் மென்பொருளுக்குப் போகவில்லை? சொந்தக்காரர்களால்தான். வரவேற்பு அன்று மதியம், தலைக்குப் பூ வைத்துக்கொண்டே பெரியம்மா வந்து பார்ப்பார்.

"ஏங்கண்ணு, உங்க மேட்டூர் மாமா படம் ஒண்ணுகூட வரலியே?"

"இருக்குதுங்க பெரியம்மா, கூட்டத்துல நிக்கறாரு."

"கூட்டத்துல நின்னா அவரு கோவிச்சுக்குவாரு."

சரி, மாமாவுக்கு ஒரு தனிப் படம். பவர்பாயின்டில் இது நிமிட வேலை. ஸ்லைடை நகலெடுத்து 'சேஞ்ச் பிக்சர்' கொடுத்தால் அளவும் நேரமும் மாற்றமும் அப்படியே இருக்க, படம் மட்டும் மாறும். ஒரு ஆவர்த்தனம் கூடியதற்கு வேறு எங்காவது ஒரு படத்தை எடுத்துவிட்டால் கணக்கு நேர். படங்களை வரிசை மாற்றுவதும் இழுத்து விடுவதுதான். கணினி பழகாத சித்தப்பா மகன்கூட என் லேப்டாப்பில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறான்.

மண்டபத்துக்குப் போகும்போது மட்டும் பிரசன்டேஷனை நம்புவதில்லை. எம்பி4 வீடியோவாக மாற்றித்தான் எடுத்துப்போகிறேன். ஒரு மண்டபத்தில் திரை இயக்குபவரின் பழைய லேப்டாப்பில் பிரசன்டேஷனையே ஓட்ட வேண்டி வந்தது. பெரிய படம் வரும்போதெல்லாம் அது திணறித் திணறி நகர, பாட்டு மட்டும் நிற்காமல் ஓடியது. பத்தாவது படத்திலேயே தாளம் போய்விட்டது. தமிழ்த் தலைப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால் இன்னும் வேடிக்கை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். யூனிகோடில் அடியுங்கள். வீடியோவாக்கிவிட்டால் இந்த இரண்டு கவலையும் இல்லை. 'எக்ஸ்போர்ட்' போய் 'கிரியேட் எ வீடியோ', முழு எச்டி, 'யூஸ் ரெக்கார்டடு டைமிங்ஸ்' அவ்வளவுதான். பழைய கணினியில் நேரம் பிடிக்கும், ஆகவே பெரியம்மா பார்த்து முடித்த பிறகு தொடங்குங்கள். அப்புறம், ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி ஒரு கணம் பிந்தித்தான் வரும். கெட்டிமேளத்துக்கு நாம் பட்ட பாடெல்லாம் வீண். மண்டபத்து ஒலி மிக்சருக்கு லேப்டாப்பை இணைக்க ஒரு ஆக்ஸ் வயர் கையோடு கொண்டுபோங்கள்.

வாராவாரம் கல்யாண வீடியோ செய்து பிழைப்பவர்களுக்கு இது சரிப்படாது. ஒலியின் அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே படத்தை நகர்த்தும் வசதி வேண்டும். அந்த வசதியுள்ள டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய விண்டோஸ் மூவி மேக்கரை 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பியிருந்த என் தோழிகள் பலர் பவர்பாயின்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

முடித்த ஷோவை யூட்யூபில் போடும் எண்ணம் இருந்தால், சினிமாப் பாட்டு இருக்கும்போது உரிமைக் கோரிக்கை வரும் என்று எதிர்பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு நான் கூகுள் டிரைவ் இணைப்பைத்தான் அனுப்புகிறேன்.